கறை நிபுணரின் இடது கரை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தங்கள் சம்பந்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் சம்பந்தியம்மாளும், கடையில் இருக்கும் பெரிய சலவை இயந்திரமும் சௌக்கியம். சின்ன இயந்திரத்துக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளையும், எங்கள் மகளும், தங்கள் புல்வெளியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். இதை வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. தங்கள் புல்வெளிக்காக நான் எப்பேர்ப்பட்ட காரியம் செய்திருக்கிறேன் என்பது கடிதத்தை முடிக்கும்போது தங்களுக்கே விளங்கும்.

தபால் தலை சற்றுச் சாய்ந்திருப்பதற்கு முதலில் மன்னிக்கவும். வாழ்நாள் முழுவதும் தபால் நிலையத்தை நிர்வகித்தவருக்கு அது கண்ணில் தூசி விழுந்தது போல இருக்கும் என்று தெரியும். உரித்து நேராக ஒட்டப் பார்த்தேன், பாதி கையோடு வந்துவிட்டது. அடுத்து அந்தக் கோட்டு விஷயம். தாங்கள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தங்கள் பணி ஓய்வு விழாவுக்காக என் கடையில் வெளுக்கக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு, போகும்போது பெரியவருடையதாகப் போய் வரும்போது பள்ளிக்கூடப் பையனுடையதாக வந்தது உண்மைதான். தாங்கள் மேடையில் கையைத் தூக்கி நன்றி சொன்னபோது அதன் கை முழங்கை வரை ஏறியதையும், தாங்கள் கையை இறக்கிய பிறகும் அது இறங்காமல் அங்கேயே இருந்ததையும் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து தாங்கள் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. பாலத்தில் ஏதாவது பழுதா என்றுகூட விசாரித்தேன், பாலம் நன்றாகத்தான் இருக்கிறதாம். தாங்கள் வராததால் மாப்பிள்ளை வருவதில்லை, மாப்பிள்ளை வராததால் மகளும் வருவதில்லை. போனில் கேட்டால் "வரணும்பா, பாக்கலாம்" என்கிறாள். அந்தப் 'பாக்கலாம்' காதில் விழுந்த நாளெல்லாம் என் மனைவி ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். எங்களுக்கு அது பெரிய வருத்தம், மறைப்பதற்கில்லை.

இப்படி நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் கடைக்கு அந்த போன் வந்தது. என் கடைப் பலகையில் 'கறை நிபுணர்' என்று சிவப்பில் எழுதியிருப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பலகை எழுதியவர் வல்லின றகரத்தை நன்றாக வளைத்துப் போட்டுத்தான் எழுதினார், அவர் மேல் குற்றமில்லை. ஆனால் எழுத்தில் என்ன வளைவு போட்டாலும் வாயில் வரும்போது சின்ன ர, பெரிய ற எல்லாம் ஒன்றுதானே. போனில் பேசியவர் நீர்த் துறை அலுவலகத்துக் குமாஸ்தா. பாவம், யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போன வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. பேச்சு இப்படிப் போனது.

"கரை நிபுணர் ஐயாங்களா?"

"ஆமா, சொல்லுங்க."

"மண் கரையெல்லாம் பாப்பீங்களா?"

"மண் கறைதாங்க இருக்கறதுலயே சுலபம். நல்லா காய விட்டு நாலு தட்டு தட்டினா போயிடும்."

அவர் குரலைத் தாழ்த்தி, "போயிடுமா?" என்றார்.

"சுவடே தெரியாது."

"நாங்க பயந்ததும் அதுதாங்க. இங்க ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. சரிங்க, ரொம்பப் பழைய கரையா இருந்தா?"

"பழசுன்னா கொஞ்சம் கஷ்டம். ஊற வைக்கணும்."

"ஊறினா?"

"தானா இளகி வந்துடும்."

"ஐயா, நீங்க உடனே கிளம்பி வாங்க. பெரியவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க" என்று அவர் சொன்ன குரலில் அழுகையே வந்துவிட்டது. எந்த அதிகாரியோ மேசை விரிப்பில் மையைக் கொட்டிவிட்டார் என்று நினைத்து, பிரஷையும் பென்சீன் புட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அங்கே போய்ப் பார்த்தால் நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, ஒரு நாற்காலிக்கு முன்னால் 'கரை நிபுணர்' என்று அட்டை. சின்ன ர. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அரசாங்க அலுவலகம், எழுத்துப் பிழை சகஜம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சபையின் பெயர் 'ஒருங்கிணைந்த நீர் மற்றும் வெள்ள இடர் மேலாண்மைக் கொள்கை வகுப்புக் குழு'. தலைவர் அதை ஒரு தடவை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. குடிநீர்த் துறைக்காரர் ஒருவர், வடிகால் துறைக்காரர் ஒருவர், ஆற்றுப் பொறியாளர் அம்மா ஒருவர், இன்னும் தலையாட்டுவதற்கென்றே சிலர். குடிநீர்க்காரருக்குத் தண்ணீர் போதவில்லை என்று குறை, வடிகால்காரருக்குத் தண்ணீர் அதிகம் என்று குறை. இரண்டு பேர் அறையும் ஒரே மாடியில் எதிரும் புதிருமாக இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் தபாலில்தான் பேசிக்கொள்வார்களாம். தங்கள் துறைக்கு நல்ல வருமானம்.

வெளியே மழை. கூட்ட அறையின் கூரை ஒழுகி, மேசைக்கு நேர் நடுவில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியை மேசை மேல் வைத்திருந்தார்கள். வாளி நிறையப் போகிறது என்று நான் சுட்டிக் காட்டியதும் அதுவே அன்றைய முதல் விவாதமாகிவிட்டது. கூரையிலிருந்து கிளம்பி வாளிக்கு வந்து சேரும் வரை அது மழை, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்றார் வடிகால்காரர். வாளியில் விழுந்துவிட்டால் தேங்கிய நீர், அது வடிகால் சமாச்சாரம் என்றார் குடிநீர்க்காரர். "வாளியில இருக்கற தண்ணிய வடிகாலுக்கு யார் கொண்டு போறது? அது வடிகால் வரைக்கும் வந்தாத்தான் எங்க பொறுப்பு" என்றார் வடிகால்காரர். யாராவது மொண்டு குடித்தால் குடிநீர் ஆகிவிடும் என்று ஒரு தலையாட்டி யோசனை சொன்னார். தலைவர், வாளிக்கென்று தனியாக ஒரு துணைக்குழு போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாளி நிரம்பி வழிந்து, மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் தண்ணீர் பரவியது. பொறியாளர் அம்மா எழுந்து போய் வாளியை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை.

வரைபடத்தில் பாதிக்கு மேல் நீலமாக இருந்தது. தலைவர் என் பக்கம் திரும்பி, "இதுக்கு நிபுணர் என்ன சொல்றீங்க?" என்றார். வெள்ளம் வந்தால் எங்கெல்லாம் தண்ணீர் ஏறும் என்று காட்டும் நீலம் அது. நான் அதை மைக் கறை என்றே நினைத்துவிட்டேன். நனைந்த வரைபடம் அல்லவா. "தயவுசெஞ்சு யாரும் தேய்க்காதீங்க. தேய்ச்சா இன்னும் பரவும். அடியில உறிஞ்சற மாதிரி ஏதாவது வெச்சு, வெளியில இருந்து உள்பக்கமா ஒத்தி ஒத்தி எடுக்கணும்" என்றேன். நான் சொன்னது டிஷ்யூ காகிதத்தை. பொறியாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைத்தானே சார் நான் எத்தனையோ வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன். ஆத்துக்குச் சுவர் கட்டிக்கிட்டே போகாதீங்க, மேல இருக்கற குளத்தத் தூர் வாருங்க, தண்ணி உறிஞ்சற எடத்த விட்டு வைங்கன்னு" என்றார். தலைவர் அவரைக் கையமர்த்தி, "நீங்க சொல்றது வேற, நிபுணர் சொல்றது வேற" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மேலே பேசச் சொன்னார். பென்சீன் புட்டியை எடுத்து மேசை மேல் வைத்தேன். எல்லோரும் அதை மரியாதையோடு பார்த்தார்கள்.

இடைவேளையில் தாழ்வாரத்துக்கு வந்ததும், நடந்த கூத்து முழுவதும் எனக்கு உறைத்தது. கதவுக்கு வெளியே குழுவின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது, அதில் 'ஆற்றுக் கரை நிபுணர்' என்று என் நாற்காலிக்கு நேராகப் போட்டிருந்தது. அப்படியே மாடிப்படி வழியாக நழுவிவிடலாம் என்று பார்த்தால் பொறியாளர் அம்மா வந்து நிற்கிறார். "மேடம், ஒரு தப்பு நடந்து போச்சு" என்று ஆரம்பித்தேன்.

"என் மழைக்கோட்டு ரெடியா?" என்றார் அவர்.

நன்றாக முகத்தைப் பார்த்தேன். நம் கடை வாடிக்கையாளர்தான். மஞ்சள் மழைக்கோட்டில் கிரீஸ் பட்டது என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர்.

"அப்போ நான் யாருன்னு உங்களுக்கு..."

"நீங்க உள்ள வந்தப்பவே தெரியும். போன நிபுணர் எதைக் கேட்டாலும் சிமெண்ட்டுனு ஒரே பதில் சொல்லுவார். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. எங்க குழுவுக்கு அதுவே பெரிய முன்னேற்றம். பேசாம வந்து உக்காருங்க."

நான் போயிருப்பேன் சம்பந்தி. பிஸ்கட்டுக்காக உட்கார்ந்தேன் என்று என் மனைவி சொல்வதை நம்ப வேண்டாம். உள்ளே திரும்பிப் போனபோது வரைபடத்தைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நீலத்துக்குள் என் கடை இருந்தது. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம், அதே நீலத்துக்குள், தங்கள் வீடும் இருந்தது. என் பெண் வாழப்போன சம்பந்தி வீடு இது என்று பொறியாளர் அம்மாவிடம் விரல் வைத்துக் காட்டினேன். தங்கள் கூடம், அதில் மகள் வாசித்துக்கொண்டு உட்காரும் ஜன்னல், செருப்பைக் கழற்றாமல் யாரையும் தாங்கள் மிதிக்க விடாத அந்தப் புல்வெளி, எல்லாம் ஒரு பொட்டு நீலம். அதைப் பார்த்த பிறகு என்னால் எழுந்து போக முடியவில்லை.

பிறகு ஒரு நாள் எல்லோருமாகக் கரையைப் பார்வையிடப் போனோம். நிபுணர் முன்னால் நடக்க வேண்டும் என்று என்னை முன்னால் விட்டுவிட்டார்கள். எனக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "ம்" என்றேன். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து "ம்" என்றார்கள். இரண்டாவது பிடி எடுக்கக் குனிந்தபோது காலுக்கடியில் கரை சரிந்து, நான் உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்றேன். இஸ்திரி போட்ட பாண்ட். குமாஸ்தா மேலே நின்றபடி, 'கரையின் உறுதியின்மையை நிபுணர் தம் உடலால் மெய்ப்பித்தார்' என்று எழுதிக்கொண்டார். கைதட்டினார்கள். கைகொடுத்துத் தூக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை, பொறியாளர் அம்மாதான் குடையின் வளைந்த பிடியை நீட்டி இழுத்தார்.

அங்கிருந்து பாலத்துக்குப் போனோம். இடது கரை, வலது கரை என்று எல்லோரும் சரளமாகப் பேசிக்கொண்டு போனார்கள். நானும் பாலத்தின் நடுவில் நின்று, தண்ணீர் வரும் திசையைப் பார்த்தேன். வருகிறவரை முகம் பார்த்து நிற்பதுதானே மரியாதை, முதுகைக் காட்டிக்கொண்டா நிற்பார்கள். இடது கைப் பக்கம் என் கடை, வலது கைப் பக்கம் தங்கள் வீடு. இடது நான், வலது தாங்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். பொறியாளர் அம்மா எனக்குப் புரியும்படி ஒன்று சொன்னார். "ரெண்டு கரையையும் ஒசத்தினா தண்ணி நடுவுல வேகம் பிடிச்சு, கீழ இருக்கற ஊர அடிச்சிட்டுப் போயிடும். ஒரு பக்கத்த ஒசத்தணும். இன்னொரு பக்கத்தத் தண்ணிக்கு விட்டுக்குடுக்கணும். வேற வழியில்ல." விட்டுக்கொடுக்கும் பக்கத்தில் வெள்ளம் வரும்போது தண்ணீர் வீட்டுக்குள் வந்து, நாலு நாள் தங்கி, தானாகப் போகும். அந்தப் பக்கத்து வீடுகளைத் தூண் மேல் ஏற்றிக் கட்டத் துறை உதவும். புல்வெளி இருந்தால் அது சதுப்பு நிலமாகி நாணல் முளைக்கும், நாரையெல்லாம் வரும் என்றார். அவருக்கு நாரை மேல் பிரியம் அதிகம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியைக் கூட நிறுத்தவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவங்க கூடத்துல தண்ணி வந்தா நம்ம பொண்ணு எங்க போய் நிப்பா? நம்ம கடைக்கே வரட்டும். தண்ணி நமக்குப் புதுசா?"

"மெஷினெல்லாம்?"

"மாடிக்கு ஏத்துங்க. ஏத்த முடியலன்னா நனையட்டும். அதுங்க இத்தன நாளும் நனைஞ்சுக்கிட்டுத்தானே இருந்துதுங்க."

இந்தக் கடை என் இளமை முழுவதையும் தின்று வளர்ந்தது சம்பந்தி. அதைத் தண்ணீருக்கு எழுதி வைக்கிறோமே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு எழுத்தை மாற்ற முடியவில்லை.

முடிவெடுக்கும் நாள் வந்தது. குழுவில் பாதிப் பேர் இடது கரையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வலது கரையை. தலைவர் தவித்துப்போய், "அக்கரையா இக்கரையான்னு நிபுணர்தான் சொல்லணும்" என்றார். "எல்லாத்தையும் விட அக்கறைதாங்க முக்கியம்" என்றேன் நான். அதைக் குமாஸ்தா எந்த ரகரத்தில் எழுதிக்கொண்டாரோ தெரியாது. பிறகு எழுந்து நின்றேன். வாழ்க்கையில் நான் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை. "இடது கரைய விட்டுடுங்க. தண்ணி அங்கயே வரட்டும்" என்றேன்.

பொறியாளர் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "சார், அந்தப் பக்கம் உங்க குடும்பத்து ஆளுங்க இருக்காங்களே."

"இருக்காங்க. அதனாலதான் சொல்றேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்க என்னங்க இருக்கு. பேசியாச்சு. மறுத்து ஒரு வார்த்தை வரல. தண்ணி நமக்குப் புதுசான்னு திருப்பிக் கேட்டாங்க."

"வீட்டுல இருக்கற சாமானெல்லாம்?"

"ஏத்த முடிஞ்சத மாடிக்கு ஏத்துவாங்க. மத்தது நனையட்டும். அவங்க மனசு அப்படிங்க. எனக்காக எதையும் தாங்கிப்பாங்க."

கூரைச் சொட்டுகூடச் சத்தமில்லாமல் விழுந்தது. குடிநீர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வடிகால்காரர் தன் கைக்குட்டையை அவருக்குக் கொடுத்தார். இரண்டு துறையும் அன்றுதான் ஒருங்கிணைந்தன. தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு குடும்பமா" என்றார். 'இடது கரைவாசிகள் சார்பில் மனமுவந்து' என்று போட்ட தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். கொள்கை நிறைவேறியது.

ஆகவே சம்பந்தி, இனிமேல் தாங்கள் மழையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தங்கள் பக்கத்துக் கரை ஆள் உயரத்துக்கு எழும்பும். கூடத்தில் மரத் தரை போட வேண்டும் என்று தாங்கள் நெடுநாளாக நினைத்தும், ஈரத்துக்குப் பயந்து தள்ளிப் போட்டு வருவதாக மகள் சொன்னாள். தயங்காமல் போடுங்கள். புல்வெளியை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். உறவு என்றால் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. ஆனால் சொல்லியே தீர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், போனில் வேண்டாம், நேரில் வந்து சொல்லுங்கள். மாப்பிள்ளையையும் மகளையும் அழைத்து வாருங்கள். ஒரு கடையையே கொடுத்தவனுக்கு ஒரு கோட்டை மன்னிக்க மாட்டீர்களா.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் எங்கள் இருவரின் வணக்கங்கள். மாப்பிள்ளையும் மகளும் கூடத்தில் கால் நனையாமல் நெடுங்காலம் நடமாட வேண்டும் என்று நாங்கள் இங்கே ஈரத்தில் நின்றுகொண்டு வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை வேண்டும் சம்பந்தி,
கரை நிபுணர் (சின்ன ர)

பின்குறிப்பு:

உறையை ஒட்டும்போது பொறியாளர் அம்மா மழைக்கோட்டை வாங்க வந்தார். கோட்டு அதே அளவில் இருந்ததைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம், எனக்கும் ஆச்சரியம். போகிற போக்கில், "உங்க சம்பந்திய நான் ஒரு தடவ நேர்ல பாத்துக் கும்பிடணும் சார். சொந்த வீட்டையே தண்ணிக்குக் குடுக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்" என்றார்.

"அவர் எங்க குடுத்தாரு? குடுத்தது நான்தானே. இடது கரை, என் கடை."

"சார், உங்க கடை இருக்கறது வலது கரை."

"நான் பாலத்துல நின்னு பாத்தேங்க."

"எந்தப் பக்கம் பாத்து நின்னீங்க?"

ஆற்றுக்கு இடது வலது சொல்வதென்றால் தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்று சொல்ல வேண்டுமாம் சம்பந்தி. உலகம் முழுக்க அப்படித்தானாம். வருகிறவரை முகம் பார்த்து நிற்கும் மரியாதையெல்லாம் ஆற்றுக்குக் கிடையாதாம். நம்பாமல் பாலத்துக்கு ஓடிப்போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. மறுபடி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், மறுபடி அந்தப் பக்கம். போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் மனைவி, "எல்லா ஊர் கறையும் தெரியும், கைக்கு எதுத்தாப்புல இருக்கற கரை தெரியாதா" என்று கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். அவள் அதை வேலை நேரத்தில் அணைத்து நான் பார்த்ததில்லை.

ஆகவே மேலே எழுதியவற்றைத் தயவுசெய்து தலைகீழாகப் படித்துக்கொள்ளவும். ஆள் உயரத்துக்கு எழும்பப் போவது என் பக்கத்துக் கரை. மனமுவந்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர் தாங்கள். மரத் தரைக்கு ஆசாரியைச் சொல்லியிருந்தால் உடனே நிறுத்துங்கள். நாரை வரும்.

பதற வேண்டாம், வழி இருக்கிறது. இடது கரையில் குடியிருப்பவர் ஒருவர் மறுப்பு எழுதிக் கொடுத்தால் போதுமாம், நிபுணர் அதை விசாரித்துவிட்டு முடிவை மாற்றலாம். நிபுணர் நான்தான். எடுத்த முடிவில் மாற்றமில்லை, தண்ணீர் என் கடைக்குத்தான் வர வேண்டும், என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள். கைதான் தவறிவிட்டது. தாங்கள் இரண்டு வரி எழுதுங்கள், திட்டித்தான் எழுதுவீர்கள், பரவாயில்லை. ஆனால் விசாரணை என் கடையில்தான் நடக்கும். மறுப்பு எழுதியவர் மகன், மருமகள் உட்படக் குடும்பத்தோடு பாலத்தைத் தாண்டி நேரில் வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு விதியே கிடையாது என்று பொறியாளர் அம்மா சொல்கிறார். இருக்கிறது என்று நிபுணர் சொல்கிறேன்.